அம்மா 8,000, நான் 600, அண்ணன் 0

இலங்கையில வயது வந்தவங்கள்ல நூற்றுக்கு 30 பேர் போதுமான அளவு உடம்பை அசைக்கிறதில்ல. இது என்னோட கருத்து இல்ல. 2015ல நாடு முழுக்க செய்த தொற்றா நோய் ஆபத்துக் காரணி ஆய்வு சொல்றது. 18 வயசுல இருந்து 69 வயசு வரைக்கும் 5,188 பேர்கிட்ட எடுத்த கணக்கு. சரியாச் சொன்னா 30.4 வீதம். ஆண்கள்ல 22.5, பெண்கள்ல 38.4.

இந்த 38.4ஐ வாசிச்சப்ப எனக்கு ஒரு கேள்வி வந்தது. எங்க மலையில ஏறி இறங்குற பொம்பளைங்க இந்தக் கணக்குக்கு உள்ள இருக்காங்களா, வெளிய இருக்காங்களா?

நான் நமுனுகுல பக்கத்து ஆள். பதுளையில பஸ் ஏறி பசறை தாண்டி வரணும். 2,000 மீற்றரைத் தாண்டி நிக்கிற மலை, அதோட சரிவுல தேயிலை, அதுக்கு நடுவுல லயங்கள். படிக்கிறது பேராதனையில, கலைப்பீடம், சமூகவியல். சுகாதாரத் தரவு எல்லாம் மருத்துவபீடத்து ஆட்களோட விசயம்னுதான் நம்ம பக்கத்துல நினைப்பாங்க. ஆனா யாரை எண்ணுறது, என்ன கேட்கிறது, எந்தப் பெட்டியில போடுறது எல்லாம் சமூகவியல் கேள்வி. அதனால இதைப் பத்தி நானும் கொஞ்சம் கதைக்கலாம்னு நினைக்கிறேன்.

முதல்ல இதை எப்படி அளக்கிறாங்கன்னு பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனம் பல நாடுகளுக்கும் கொடுத்திருக்கிற முறைக்கு ஸ்டெப்ஸ்னு பேர். பேருக்கு ஏத்த மாதிரி 3 படி. முதல் படி கேள்வி கேட்கிறது. ரெண்டாவது, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரசர் அளக்கிறது. மூணாவது, இரத்தம் எடுத்து சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கிறது. பிரசரை மெஷின் அளக்குது. சீனியை இரத்தம் சொல்லுது. ஆனா உடல் உழைப்பை மட்டும் நம்ம வாய்தான் சொல்லணும். அதுக்கு ஒரு வினாக்கொத்து இருக்கு, 16 கேள்வி. வேலை, போய்வாற பயணம், ஓய்வு நேரம்னு 3 பகுதி. கடைசியா ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கீங்கன்னு ஒரு கேள்வி.

வாற பதில்களை மெட்னு ஒரு அலகுக்கு மாத்துவாங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி 1 மெட். நடுத்தரமான வேலைக்கும் நடைக்கும் 4, மூச்சு வாங்குற கடும் வேலைக்கு 8. நிமிஷத்தால பெருக்கி, நாட்களால பெருக்கி, கிழமைக்கு 600 வந்தா பாஸ். குறைஞ்சா "போதாது". கிழமைக்கு 150 நிமிஷம் நடுத்தரமான உழைப்பு செய்யணும்னு சொல்றாங்களே, அந்த 150ஐ 4ஆல பெருக்கினதுதான் இந்த 600.

போன விடுமுறையில வீட்டுக்குப் போனப்ப அதே கேள்விகளை அம்மாகிட்ட கேட்டேன். தமிழ்ல இருக்கிற கேள்வியை எங்க தமிழுக்கு மாத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மூச்சு வாங்குற மாதிரி வேலை ஏதும் செய்றீங்களாம்மா?"

"கூடைய தூக்கிக்கிட்டு மடுவத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். அது வேலையா, நடையா? எதுல போடுவ?"

"சரி, ஓய்வு நேரத்துல விளையாட்டு, உடற்பயிற்சி மாதிரி?"

"என்னா புள்ள கேக்குற... ஓய்வு நேரமா? ஞாயித்துக்கெழம உடுப்பு தொவைக்கிறது, வெறகு பொறுக்குறது. அது அதுல வருமா?"

வராது. வீட்டு வேலையும் வேலைப் பகுதியிலதான் வரும். அதனால ஓய்வு நேரத்துக்கு நேரா ஒரு பூஜ்ஜியம் போட்டேன்.

கணக்கைக் குறைச்சே பிடிச்சேன். கொழுந்து பறிக்கிறது ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம், அதாவது 360 நிமிஷம். கிழமைக்கு 5 நாள். எல்லாத்தையும் நடுத்தரம்னே வச்சு 4ஆல பெருக்கினா 7,200. லயத்துல இருந்து மலைக்கு ஏற 20 நிமிஷம், இறங்க 20 நிமிஷம். அது ஒரு 800. மொத்தம் 8,000. கூடை தூக்கி ஏறுறதை 8 மெட்னு போட்டா, ஞாயித்துக்கிழமை துவைக்கிறதையும் சேர்த்தா, இன்னும் கூடும்.

அடுத்தது நான். ஹொஸ்டல்ல இருந்து பீடத்துக்கு 15 நிமிஷம் நடை, திரும்ப 15. கிழமைக்கு 5 நாள். 150 நிமிஷம், 4ஆல பெருக்கினா சரியா 600. நானும் பாஸ்.

மூணாவது அண்ணன். கொழும்பில ஒரு புடவைக்கடையில வேலை. தங்குறது அதே கட்டிடத்து மேல்மாடியில. போன்ல கேட்டேன். "தங்கச்சி, காலையில 9 மணில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் நிக்கிறேன். கால் வீங்கிப்போகுது. இதுக்கு எவ்வளவு போடுவ?" நிக்கிறதுக்கு இந்த வினாக்கொத்துல இடமே இல்ல. மூச்சு வாங்காது, அதனால வேலைப் பகுதி 0. வேலைக்கு நடக்கிறதில்ல, அதனால பயணம் 0. ஓய்வு நேரம், சொல்லத் தேவையில்ல. உட்கார்ந்திருக்கிற நேரத்தைக் கேட்டாலும் அவருக்கு நல்ல மார்க்ஸ்தான் வரும், ஏன்னா உட்கார விடுறதே இல்ல. மொத்தம் 0.

இப்ப முடிவைப் பாருங்க. அம்மாவும் நானும் ஒரே பெட்டியில. "போதுமான உடற்செயற்பாடு உள்ளவர்கள்." அண்ணன் மட்டும் அந்த 30 வீதத்துக்குள்ள. ஒரு வீட்டுல மூணு பேர், மூணு உடம்பு, ஆனா ரெண்டே ரெண்டு பெட்டி.

இதுல எனக்குப் பிடிபடாம இருந்தது அம்மாவோட பிரசர். 8,000 எடுத்த மனுசிக்கு பிரசர் வருத்தம் ஏன் வந்தது? ஒரு கிளினிக்ல அம்மாவுக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரம் வீட்டுல இருக்கு. உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, தினமும் 30 நிமிஷம் நடங்க. நாட்டுக்கே பொதுவா அச்சடிச்ச தாள். அதுல பிழை ஒண்ணும் இல்ல. ஆனா அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இன்னும் நடக்கணுமாமா?"ன்னுதான் கேட்டாங்க.

அசைஞ்சா இதயத்துக்கு நல்லதுங்கிற அறிவு எங்க இருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்தா, அதுவும் வேலை செய்றவங்களைப் பார்த்து வந்ததுதான். 1953ல ஜெரமி மொரிஸ்னு ஒரு பிரித்தானிய மருத்துவர் லண்டன் பஸ்காரர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ரெண்டு தட்டு பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்க படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவா இருந்தது. இன்னைக்கு நமக்கு யாரும் "நடங்க"ன்னு சொன்னா, அதுக்குப் பின்னால இந்த மாதிரி ஆய்வுகள்தான் இருக்கு.

ஆனா கதை அதோட முடியல. 2021ல டென்மார்க்ல கோப்பன்ஹேகன் ஆய்வுன்னு ஒண்ணு வெளிவந்தது. அன்ட்ரியாஸ் ஹோல்டர்மன்னும் அவரோட சேர்ந்தவங்களும் 104,046 பேரைப் பல வருஷமா பின்தொடர்ந்த தரவு. ஓய்வு நேரத்துல கூட அசைஞ்சவங்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு. வேலையில கூட அசைஞ்சவங்களுக்கு அது கூட! ஒரே உடம்பு, ஒரே அசைவு, ஆனா எந்த நேரத்துல அசையுதுங்கிறதைப் பொறுத்து விளைவு தலைகீழா மாறுது.

அதுக்கு அவங்க சொல்ற விளக்கம் தோட்டத்துல பிறந்த யாருக்கும் விளங்கும். ஓடப் போறவர் அரை மணி நேரம் இதயத்தை வேகமா அடிக்க வைப்பார், பிறகு குளிச்சுட்டு ஓய்வெடுப்பார். உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கும். கூலி வேலையில இதயத்துக்குப் பயிற்சி ஆகுற அளவு வேகமும் இல்ல, உடம்பு தேறுற அளவு ஓய்வும் இல்ல. நாள் முழுக்க நாடித்துடிப்பும் பிரசரும் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். பாரம் தூக்கும்போது பிரசர் இன்னும் ஏறும். களைச்சா நிறுத்தலாம்னு இல்ல, ஏன்னா நிறுத்துறது நம்ம கையில இல்ல. டென்மார்க் தொழிற்சாலையும் நமுனுகுல தேயிலை மலையும் ஒண்ணு இல்லதான். அம்மாவோட பிரசருக்குக் காரணம் இதுதான்னு நான் சொல்ல வரல. ஆனா "8,000 மெட், அதனால ஆரோக்கியம்"னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல முடியாதுன்னு இந்த ஆய்வு சொல்லுது.

நம்ம நாட்டுலயே இன்னொரு பெரிய ஆய்வு இருக்கு. 2005, 2006 காலத்துல நடந்த இலங்கை நீரிழிவு, இதய நோய் ஆய்வு. 7 மாகாணங்கள்ல ஏறக்குறைய 5,000 பேர். யுத்த காலம், அதனால வடக்கும் கிழக்கும் இல்ல. அந்த ஆய்வுல "செயலற்றவர்கள்" 11 வீதம்தான், "மிகச் செயலூக்கம் உள்ளவர்கள்" 60 வீதம். இனவாரியாப் பார்த்தா சராசரி மெட் கூடினது தமிழர்களுக்கு. வடக்கும் கிழக்கும் இல்லாத ஒரு கணக்குல "தமிழர்"னா அதுல பெரிய பங்கு யாரா இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

10 வருஷத்துல 11 வீதம் 30 ஆகிடுச்சா? அப்படி நேரா ஒப்பிட முடியாது. ரெண்டு ஆய்வும் வேற வேற வினாக்கொத்து, வேற வேற எல்லைக்கோடு. "இலங்கையர் சோம்பேறி ஆகிட்டாங்க"ன்னு தலைப்பு போடுறதுக்கு முன்னால, என்ன கேள்வி கேட்டாங்கன்னு பார்க்கணும்.

வாயால கேட்டா இப்படித்தான், மெஷின் கட்டி அளந்தா சரியாகிடும்னு சிலர் சொல்லுவாங்க. அமெரிக்காவுல 2003ல இருந்து 2006 வரைக்கும் அவங்க தேசிய ஆய்வுல இடுப்புல ஒரு கருவியைக் கட்டி அளந்தாங்க. போதுமான அளவு அசையுறவங்க 5 வீதத்துக்கும் குறைவுன்னு வந்தது. வாயால சொன்ன கணக்குக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சரி, அதையே கொண்டுவந்து அம்மா இடுப்புல படங்குக்கு மேல கட்டினா? அடி எண்ணும். ஆனா முதுகுல தொங்குற கூடையோட பாரத்தை அந்தக் கருவிக்குத் தெரியாது. ஏறுறது எவ்வளவு செங்குத்துன்னும் சரியா விளங்காது. நின்ன இடத்துல நின்னு ரெண்டு கையாலயும் பறிக்கிறதை அது "அசையல"ன்னே எழுதினாலும் எழுதும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம்னு மூணாப் பிரிக்கும். 20 ஏக்கர் அல்லது அதுக்கு மேல, 10 பேர் அல்லது அதுக்கு மேல வதியும் தொழிலாளர்கள் இருந்தா அது தோட்டத்துறை. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டு சனத்தொகையில 4.4 வீதம். இப்ப 5,188 பேர் கொண்ட ஒரு ஆய்வுல சனத்தொகை விகிதப்படி ஆள் எடுத்தா, தோட்டத்துறைக்கு வர்றது ஏறக்குறைய 230 பேர். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி எல்லாத் தோட்டமும் சேர்த்து 230. அதுல பதுளை மாவட்டத்துக்குச் சில டசின் பேர்தான் வருவாங்க. 30 பேரை வச்சு "பதுளைத் தோட்டங்கள்ல 30 வீதம்"னு ஒருத்தர் சொன்னா, உண்மை 14ஆவும் இருக்கலாம், 46ஆவும் இருக்கலாம். புள்ளிவிபரம் படிச்ச யாரும் அதை அச்சடிக்க மாட்டாங்க. அதனால அது அச்சுல வராது. அச்சுல வராததால அது யாருக்கும் பிரச்சினையாவும் தெரியாது.

தோட்டத்தைப் பத்தி தரவே இல்லைன்னும் சொல்ல முடியாது. இருக்கு, ஆனா வேற வேற லாச்சியில. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வுல 5 வயசுக்குக் கீழ் பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாட்டுல 17.3 வீதம், தோட்டத்துல 31.7. 2019 வீட்டு வருமான, செலவு ஆய்வுல வறுமை நாட்டுல 14.3 வீதம், தோட்டத்துல 33.8. வேலையைப் பத்தி தொழிற்படை ஆய்வு காலாண்டுக்கு ஒருமுறை எழுதுது. பிரசரையும் சீனியையும் ஸ்டெப்ஸ் எழுதுது. அம்மா ஒரே ஆள். ஆனா அவங்க வயிறு ஒரு ஆய்வுல, சம்பளம் இன்னொரு ஆய்வுல, கால் வேற ஒரு ஆய்வுல. குறைஞ்ச சாப்பாட்டோட 8,000 மெட் செய்ற ஒரு உடம்பு எப்படி இருக்கும்ங்கிற கேள்விக்கு ஒரு லாச்சியைத் திறந்தா மட்டும் பதில் கிடைக்காது.

இன்னொரு தரவும் இருக்கு. அதை யாரும் சுகாதாரத் தரவுன்னு சொல்றதில்ல. செக்ரோல். யார் எந்த நாள் மலைக்கு வந்தாங்க, எத்தனை கிலோ பறிச்சாங்க, முழுப்பேரா அரைப்பேரா. நாலு தலைமுறையா எங்க உழைப்பு கிலோ கணக்குல எழுதப்பட்டிருக்கு. உலகத்துல எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காத அளவு நீளமான உடலுழைப்புப் பதிவு அது. ஆனா அது எழுதப்பட்டது சம்பளத்தை வெட்டுறதுக்கும் கூட்டுறதுக்கும். ஒரு பொம்பளை கர்ப்பமா இருந்தப்ப எத்தனை கிலோ தூக்கினா, 50 வயசுக்குப் பிறகு கிலோ எப்படிக் குறைஞ்சது, அப்ப அவளுக்கு என்ன வருத்தம் இருந்ததுன்னு அதை யாரும் வாசிக்கல. அதுக்காக எங்க பிரசர் கணக்கையும் கொண்டுபோய் நிர்வாகத்துகிட்ட கொடுக்கணும்னு நான் சொல்லல. வருத்தம் இருக்கிறவங்களை வேலையால நிறுத்துறதுக்குத்தான் அது பயன்படும்னு பயப்பட எங்களுக்குக் காரணம் இருக்கு. தரவு இருக்கணும், ஆனா அது எங்க பக்கம் நிக்கணும்.

இதெல்லாம் ஏன் முக்கியம்னா, இலக்குகளை இந்த எண்களை வச்சுத்தான் வைக்கிறாங்க. போதாத உடற்செயற்பாட்டை 2030க்குள்ள 15 வீதத்தால குறைக்கணும்னு உலக சுகாதார ஸ்தாபனத்தோட 2018 திட்டம் சொல்லுது. 2022ல உலகத்துல வயது வந்தவங்கள்ல 31 வீதம் பேர், தெற்காசியாவுல ஏறக்குறைய 45 வீதம் பேர் இந்தப் பெட்டிக்குள்ள. சரியான இலக்குதான். ஆனா அந்தக் கண்ணாடியால பார்த்தா தோட்டம் ஏற்கனவே பாஸான இடம். இங்க செய்ய ஒண்ணுமில்ல. மாறா, எங்க பிள்ளைகள் கூடையை வச்சுட்டுக் கடைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகும்போது எண் மோசமாகும். அண்ணன் மாதிரி பூஜ்ஜியங்கள் கூடும். அதுக்கு மருந்து அவரைத் திரும்பக் கூடை தூக்க வைக்கிறது இல்லையே.

என்னைக் கேட்டா, பார்க்க வேண்டிய இடம் மொத்த எண் இல்ல. அந்த மூணாவது பகுதி, ஓய்வு நேரம். எங்க வீட்டுல மூணு பேருக்கும் அங்க பூஜ்ஜியம்தான். பள்ளிக்கூடத்துல நான் நெட்போல் விளையாடினேன், ஓ.எல். முடிஞ்சதோட சரி. தோட்டத்துல ஒரு கிரவுண்ட் இருக்கு, பின்னேரத்துல பொடியன்மார் கிரிக்கெட் அடிப்பாங்க. அங்க ஒரு பொம்பளைப் பிள்ளை சும்மா ஓடினா ஊரே பார்க்கும். அம்மா வயசுல ஒருத்தர் ஓடினா சிரிப்பாங்க. இதயத்தைக் காப்பாத்துறது எந்தப் பகுதின்னு டென்மார்க் தரவு சொல்லுதோ, அந்தப் பகுதிதான் எங்களுக்கு வெறுமையா இருக்கு. அதை நிரப்பத் தேவை அறிவுரை இல்ல. நேரம், சம்பளம், வெளிச்சமான ஒரு இடம். 35 வயசு தாண்டினவங்க பிரசர், சீனி பார்க்கலாம்னு அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல சுகவாழ்வு நிலையம் இருக்கு, நல்ல விசயம். ஆனா பகல்ல அங்க போனா அன்னைக்குப் பேர் இல்ல. அம்மாவுக்கு பிரசர் தெரிய வந்ததே, தலை சுத்தி விழுந்த பிறகுதான்.

என்ன செய்யலாம்? அடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வுல தோட்டத்துறைக்கு விகிதத்தை விடக் கூடுதலா ஆள் எடுக்கணும், மாவட்டவாரியாப் பிரிச்சுச் சொல்ற அளவுக்கு. கூடுதலா எடுத்துட்டு பிறகு நிறை கொடுத்துச் சரிபண்றது உலகம் முழுக்க செய்ற வழக்கம்தான். கேள்வி கேட்கிறவங்க எங்க தமிழ் விளங்குறவங்களா இருக்கணும். வேலை அசைவையும் ஓய்வு அசைவையும் கூட்டி ஒரே எண்ணா வெளியிடாம, தனித்தனியா முன்பக்கத்துல போடணும். எவ்வளவு பாரம், எத்தனை மணித்தியாலம் நிக்கிறது, இடையில எவ்வளவு ஓய்வுன்னு மூணு கேள்வி சேர்த்தா, அம்மாவும் நானும் ஒரே பெட்டியில இருக்க மாட்டோம், அண்ணனும் வெறும் பூஜ்ஜியமா இருக்க மாட்டார்.

நம்மளாலயும் ஆகும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ஏற்கனவே எடுத்த ஆய்வுகள்ல தோட்டத்துறைக்கான அட்டவணையைக் கேட்டு ஒரு கடிதம் எழுத ஒரு பின்னேரம் போதும். அந்த 16 கேள்வி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துல இருந்து கம்பஸ் வந்த நாம ஒவ்வொருத்தரும் அடுத்த விடுமுறையில நம்ம லயத்துல 10 வீட்டுல கேட்டு, பேர் இல்லாம எழுதி ஒண்ணா வச்சுப் பார்த்தா என்ன? அது தேசியத் தரவு ஆகாது. ஆனா தேசியத் தரவுல எது விடுபட்டிருக்குன்னு காட்டும்.

இதை வாசிக்கிற யார் வீட்டுக்காவது என்னைக்காவது ஒரு உத்தியோகத்தர் பைலோட வந்து "உங்க உடற்செயற்பாடு"ன்னு கேட்டா, அம்மாவைத் தள்ளிவிட்டுட்டு நீங்க பதில் சொல்லாதீங்க. அவங்களையே கதைக்க விடுங்க. தண்ணி தூக்கினது, வெறகு பொறுக்கினது, கூடையோட ஏறினது எல்லாத்தையும் சொல்லச் சொல்லுங்க. ஓய்வு நேரம்னு கேட்கும்போது பூஜ்ஜியம்னா பூஜ்ஜியம்னே எழுதச் சொல்லுங்க. அந்தப் பூஜ்ஜியமும் ஒரு தரவுதான்.